அருள்மொழியின் முதுகுக்கு ஒரு முடிச்சு

கொல்லிமலையில், செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, உரக்கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு நிற்கிற தையல் கடை அத்தாயியுடையது. அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைக் கையில் கொடுத்தாலும் பிரித்துப் பார்த்துவிடுவாள். கெட்ட பழக்கம் என்று சொல்வது ஊர்தான். அவளைக் கேட்டால், "உள்ளுக்குள்ள என்ன இருக்குதுன்னு தெரியாம எப்படிங்க மேல தைக்கறது?" என்பாள். நியாயமான கேள்வி. ஆனால் தைக்கக் கொடுக்காததையும் பிரிக்கிறவளிடம் நியாயம் பேசி என்ன பிரயோஜனம்?

கல்யாணமான புதிதில் தன் கல்யாண ஜாக்கெட்டையே பிரித்தவள் அவள். கையைத் தூக்கினாலும் அந்த ஜாக்கெட் மேலே ஏறாமல் இருந்தது. அதன் சூட்சுமம் தெரியாமல் தூக்கம் வரவில்லை. பாதி பிளேடை எடுத்து அக்குள் தையலைப் பிரித்தால், உள்ளே சின்னதாக ஒரு சதுரத் துணி. அவ்வளவுதானா என்று சிரித்தாள். அவள் மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்குப் பிடித்த வேலைதான், இன்றைக்குச் செம்மேட்டில் பாதிப் பெண்களுக்கு அவள்தான் ஜாக்கெட் தைக்கிறாள். நடுவில் நர்ஸம்மாவின் மழைக்கோட்டு, கணவனின் குடை, சுற்றுலா வந்த ஒரு பெண் கடையில் மறந்து வைத்துவிட்டுப் போன தொப்பி என்று எதுவும் தப்பவில்லை. அந்தப் பெண் திரும்பி வந்தபோது தொப்பி மேசைமேல் துண்டு துண்டாகக் கிடந்தது. அத்தாயி டீ வாங்கிக் கொடுத்து, உட்கார வைத்து, கண்ணெதிரே மறுபடி தைத்துக் கொடுத்து அனுப்பினாள்.

கணவன் சென்றாயன் பைல் நாடு என்கிற மலைப்பகுதியில் மிளகும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கும் போடுகிறவன். பேச்சு குறைவு. "எங்கூட்டுல பிரிக்காம உட்டு வெச்சிருக்கறது என்னைய மட்டுந்தான்" என்று எப்போதாவது சொல்வான். அதுவும் உண்மை இல்லை. அவனை முதல் வருஷமே பிரித்துப் பார்த்தாகிவிட்டது, பெரிதாக ஒன்றும் இல்லாததால் மூடிவைத்துவிட்டாள் என்பது பக்கத்துக் கடைக்காரர்களின் கட்சி.

இவர்களுக்கு ஒரே பிள்ளை அருள்மொழி. பையனாகப் பிறந்து, செம்மேட்டில் பள்ளிக்கூடம் முடித்து, சேலத்துக்கு வேலைக்குப் போன இடத்தில், சின்ன வயதிலிருந்தே மனசுக்குள் பூட்டி வைத்திருந்ததை வெளியே சொல்லிப் பெண்ணாக வாழத் தொடங்கியவள். பெயரை மாற்றும் அவசியம் வரவில்லை. அருள்மொழி ஆணுக்கும் பெண்ணுக்கும் வைக்கிற பெயர்தான். அவள் முதன்முதலாகச் சுடிதாரும் சடையுமாக மலைக்கு வந்தது ஓர் ஆடிப் பதினெட்டுக்கு. ஓரி மன்னன் விழாவுக்கு மலையே செம்மேட்டில் கூடியிருந்தது.

அத்தாயி அழவில்லை. திட்டவில்லை. கதவைச் சாத்தவில்லை. அதையெல்லாம் செய்கிற பெற்றோர் உண்டு என்று அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். அவள் செய்தது வேறு. கேள்வி கேட்டாள். சடை சொந்த முடியா, சவுரியா? மூக்கு எங்கே குத்தினாய்? ஆபரேஷன் என்கிறார்களே, அது எப்படி, வலித்ததா? குரல் எப்படி மாறும்? தண்ணீர் பிடிக்க வந்த பெண்களுக்கு நடுவிலேயே கேட்டாள். சடையைத் தூக்கிப் பின்கழுத்தைப் பார்த்தாள். சுடிதாரின் கையைத் திருப்பி உள்தையலைப் பார்த்தாள். அவளுக்கு அது எல்லாம் ஒரே ஆசைதான். பிள்ளையைப் பற்றிய ஒன்றுகூடத் தனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. கேட்கப்படுகிறவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை மட்டும் அவள் யோசிக்கவில்லை.

மறுநாள் காலைப் பஸ்ஸில் ஏறும்போது அருள்மொழி சொன்னாள், "நான் என்ன நீ பிரிச்சுப் பாக்கற ஜாக்கெட்டாம்மா?"

அதற்குப் பிறகு அவள் மலையேறவில்லை. போன் மட்டும் வரும். அப்பாவோடு நன்றாகப் பேசுவாள், ஏனென்றால் சென்றாயன் "மழை பேஞ்சுதா சாமி?" என்பதற்கு மேல் எதுவும் கேட்க மாட்டான். அத்தாயி போனை வாங்கி, "ஒரு போட்டோ அனுப்பு கண்ணு, எப்படி இருக்கறேன்னு பாக்கறேன்" என்றால் போதும், "சிக்னல் இல்லைம்மா" என்று லைன் போய்விடும். மலையில் சிக்னல் நிஜமாகவே அப்படித்தான் வரும், போகும். அதனால் எது பொய், எது மெய் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. வருஷங்கள் போய்விட்டன. அத்தாயிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றாகச் சுருங்கிவிட்டது: மகளை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும்.

தை மாதக் கடைசியில் அருள்மொழியே கூப்பிட்டாள். சேலத்தில் திருநங்கையருக்கு அழகிப் போட்டி நடக்கப் போகிறது, நான் அதில் நடக்கப் போகிறேன், உடுப்புக்கு முதுகில் ஒரு முடிச்சு தைத்துத் தர வேண்டும் என்றாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சடை மடித்து ரிப்பனில் இரண்டு காது வைத்துக் கட்டுவார்களே, அதே முடிச்சுதான். ஆனால் முறம் அகலத்துக்கு. இடுப்புக்கு மேலே, முதுகில், இரண்டு காதும் விறைப்பாக நிற்க வேண்டும், இரண்டு வால் தரைவரைக்கும் தொங்க வேண்டும். மேடையில் நடந்து வந்து திரும்பும்போது அது மடங்கினால் மொத்த உடுப்பும் போச்சு.

"சேலத்துல தைக்கறவங்க இல்லையா சாமி?" என்று கேட்ட மாத்திரத்தில் அத்தாயி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரு தைச்சாங்கம்மா. ரெண்டும் தொங்கிப் போச்சு. நீ எதையும் நிக்க வெச்சுருவே. தைச்சு, பெட்டில போட்டு, கண்டக்டர்கிட்டக் குடுத்துடு. ராசிபுரத்துல தஸ்னீம் வாங்கிக்குவா." கொஞ்சம் நிறுத்தி, "நீ வர வேண்டாம்மா" என்றாள். அதோடு சிக்னல் இல்லை.

மறுநாள் தஸ்னீம் மலைக்கு வந்தாள். ராசிபுரத்தில் அவள் குடும்பத்துக்கு வாடகை உடுப்புக் கடை. பள்ளி ஆண்டுவிழாவுக்கு ராஜா ராணி உடுப்பெல்லாம் அங்கேதான் கிடைக்கும். அருள்மொழிக்கு இப்போது அங்கே வேலை. தஸ்னீம் ஒரு பையில் மயில்கழுத்து நிறச் சாட்டின் துணியும், இன்னொரு பையில் மாதிரிக்கு ஒரு முடிச்சும் கொண்டு வந்திருந்தாள். மாதிரி சின்னது, பிள்ளைகள் உடுப்பிலிருந்து எடுத்தது.

"இது வாடகைக்குப் போறதுங்கம்மா. சாயந்திரப் பஸ்ஸுல திருப்பி எடுத்துட்டுப் போகோணும். பாத்துக்கங்க. ஆனா பிரிச்சுராதீங்க. அக்கா இதைய மட்டும் தனியாச் சொல்லியுட்டாங்க."

பிரிக்க வேண்டாம் என்று அத்தாயியிடம் சொல்வது, பூனையிடம் கருவாட்டுக்குக் காவல் கேட்பதுதான். தஸ்னீமும் அதைத் தெரிந்தே, ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். ஆனால் அத்தாயி பிளேடை எடுத்து டிராயரில் போட்டு மூடினாள். சொன்னது மகள்.

கையில் வைத்து எடை பார்த்தாள். காற்று மாதிரி இருந்தது, அட்டை இல்லை. ஒரு காதை அழுத்தினாள். அமுங்கி, விட்டதும் எழுந்தது. கம்பி இல்லை. காதோரம் வைத்துக் கசக்கினாள், சரசரவென்று சத்தம். முகர்ந்தாள். டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள். துணிக்குள்ளே பொடிப் பொடியாக வெளிச்சப் புள்ளிகள். "ஊசி உடலாமில்ல கண்ணு? பிரிக்கறதில்லையே?" என்று அனுமதி வாங்கி ஒரு ஊசியைச் செருகினாள். தடையில்லாமல் போய் வந்தது.

நடுநடுவே அடுத்த விசாரணையும் ஓடியது.

"சடை எம்புட்டு நீளம் இருக்கும் கண்ணு?"

"ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு அக்கா சொல்லீருக்காங்கம்மா."

"சொல்ல வேண்டாம். கையில காட்டு."

தஸ்னீம் சிரித்தாளே தவிரக் காட்டவில்லை. பஸ் ஏறும்போது மட்டும் மனசு கேட்காமல், "நல்லா இருக்காங்கம்மா" என்றாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அத்தாயி அன்று ராத்திரிச் சோறு சமைத்தாள்.

மாதிரிக்குள் இருப்பது என்ன என்பதற்கு அவள் கண்டுபிடித்த விடை, கஞ்சி. சரசரக்கிறது, லேசாக இருக்கிறது, ஊசி இறங்குகிறது. கஞ்சி போட்ட பருத்தித் துணி வேறு எப்படி இருக்கும்? வெளிச்சப் புள்ளிகள் நெசவின் இடைவெளி என்று முடிவு கட்டினாள். ஒரே ஒரு தையல் பிரித்திருந்தால் தெரிந்திருக்கும். வாழ்நாளெல்லாம் வேண்டாத இடத்தில் பிரித்தவள், பிரிக்க வேண்டிய அந்த ஒரு இடத்தில் கையைக் கட்டிக்கொண்டாள்.

கஞ்சிக்கு மலையில் பஞ்சமா? குச்சிக்கிழங்கு மாவைக் கரைத்துக் காய்ச்சி, பருத்தி உள்துணிக்குப் போட்டுக் கொடியில் காயவைத்தாள். தைப் பனி. காலையில் கொண்டை ஊசி வளைவுகள் தெரியாது, மத்தியானம்தான் எதிர்க்கடைப் பலகையே தெரியும். அந்த ஈரக் காற்றில் துணி காய்ந்த மாதிரி இருக்கும், மடித்தால் துவளும். இன்னொரு கை கஞ்சி போட்டாள். அப்புறம் இன்னொன்று. அடுப்புக்கு மேலே தொங்கவிட்டாள். கஞ்சி ஏற ஏற ஒருவழியாக விறைத்தது. அதற்குமேல் சாட்டினைப் போர்த்தி, காது மடித்து, நடுவில் பட்டை கட்டித் தைத்து முடித்தபோது முடிச்சு தானாகவே மேசைமேல் நின்றது. உரக்கடைக்காரர் முதல் பேக்கரிப் பையன்கள்வரை வந்து பார்த்தார்கள். அத்தாயிக்குப் பெருமை தாங்கவில்லை.

போட்டி அன்று விடியக்காலையில் கிளம்பினாள். சென்றாயன் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"பெட்டியக் கண்டக்டர்கிட்டக் குடுக்கறதுக்குப் பட்டுச்சேலை எதுக்கு?"

அத்தாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நீ போய்ட்டு வா புள்ள. நான் அப்புறமா வாரேன்னு சொல்லு. கேள்வி மட்டும் கேக்காத."

முள்ளுக்குறிச்சி வழியாக ராசிபுரம் போகிற பஸ் வந்தது. கண்டக்டர் பெட்டிக்குக் கையை நீட்டினார். அத்தாயி கொடுத்தாள். கொடுத்துவிட்டு, பின்னாலேயே அவளும் ஏறிவிட்டாள். கூட்டத்தில் யார் இடித்து நசுக்குவார்களோ என்று பயந்து, டிரைவர் பக்கத்தில் என்ஜின் மூடிமேல் பெட்டியை வைக்கச் சொல்லிக் கெஞ்சினாள். மலை இறங்க இறங்கப் பனி கலைந்தது, வெயில் ஏறியது, என்ஜின் கொதித்தது. பெட்டி பத்திரமாக இருக்கிறது என்ற நிம்மதியில் அவள் ஒரு தூக்கமும் போட்டாள்.

ராசிபுரத்தில் தஸ்னீம் அவளைப் பார்த்து ஆச்சரியப்படவே இல்லை. "வாங்கம்மா" என்றாள். சேலம் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் துப்பட்டா போட்டு இடம் பிடித்து வைத்திருந்தாள். அது எப்படி என்று அத்தாயிக்கு ஒரு நொடி தோன்றியது. வேறொரு பயத்தில் அதை விட்டுவிட்டாள். போய் நின்றதும் "ஏன் வந்தே?" என்று மகள் திருப்பி அனுப்பிவிட்டால்?

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில். மணமகள் அறையைத்தான் ஒப்பனைக்குக் கொடுத்திருந்தார்கள். கண்ணாடிகள், பவுடர் வாசனை, சேலைகள், சிரிப்பு. அந்தக் கூட்டத்தில் யார் தன் பிள்ளை என்று அத்தாயிக்கு உடனே தெரியவில்லை. அது அவளைக் குத்தியது. பிறகு ஜன்னலோரம் நின்ற ஒருத்தி, காதோரத்து முடியை விரலால் ஒதுக்கினாள். சின்னப் பிள்ளையிலிருந்து அருள்மொழி அப்படித்தான் ஒதுக்குவாள். மயில்கழுத்து நிறத்தில் தரையைத் தொடுகிற உடுப்பு. உயரமாக இருந்தாள். அத்தாயி பக்கத்தில் போனாள். பார்க்கத்தான் வந்தாள், பார்த்தால் கோபித்துக்கொள்வாளோ என்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டு பெட்டியை நீட்டினாள்.

"வந்துட்டயா?" என்றாள் அருள்மொழி. கோபமா இல்லையா என்று அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

பெட்டியைத் திறந்தார்கள். மலையில் முழுசாகக் காயாமல் ஈரம் வைத்திருந்த கஞ்சி, என்ஜின் சூட்டில் அப்பளமாகக் காய்ந்திருந்தது. ஒரு காது நடுவில் முறிந்து தொங்கியது. இன்னொன்றைத் தொட்டதும் படக்கென்று ஒடிந்தது. சாட்டினெல்லாம் வெள்ளை வெள்ளையாக மாவு உதிர்ந்து கிடந்தது.

பனிக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள், பனிக்கென்று கஞ்சி போட்டிருக்கிறாள். கீழே காற்றே வேறு என்பது அவளுக்கு உறைக்கவில்லை. அருள்மொழி உதட்டை அழுத்திக்கொண்டாள். வருஷக்கணக்கில் மகள் கேட்ட ஒரே ஒரு காரியம், அதையும் கெடுத்தாகிவிட்டது. அத்தாயிக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது.

"இதுக்குள்ள என்னதான் வைப்பாங்க?" என்று பக்கத்தில் இருந்த பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருத்தி அட்டை என்றாள், ஒருத்தி பஞ்சு என்றாள். அத்தாயி தண்ணீர் குடிக்கப் பின்பக்கம் சமையற்கட்டுக்குப் போனாள். அங்கே சமையல்காரர் செல்லமுத்து, வெங்காயம் கொட்டிய வெறும் வலைச் சாக்கை ஜன்னல் பக்கம் தூக்கி உதறிக்கொண்டிருந்தார். சிவப்பு நைலான் வலை. வெயில் அதன் கண்களில் பொடிப் பொடியாகப் புள்ளி போட்டது. டியூப்லைட்டுக்கு நேரே பிடித்த மாதிரி முடிச்சில் பார்த்த அதே புள்ளிகள்.

அத்தாயி சாக்கை அவர் கையிலிருந்து பிடுங்கினாள் என்றே சொல்ல வேண்டும். கசக்கினாள். சரசரத்தது. கையை விட்டாள். விரிந்தது.

"ஏனுங்க, இது எனக்கு வேணுமுங்க."

"வெங்காயச் சாக்காம்மா? எடுத்துக்கங்க, ஒரு கட்டே கெடக்குது" என்றார் அவர், ஒன்றும் புரியாமல்.

தான் தைத்ததைத் தானே பிரித்தாள். கஞ்சித் துணியை உருவி எறிந்தாள். சாட்டினை ஈரத்துணியால் துடைத்தாள். வலையைக் கழுவி உதறி, அகலப் பட்டைகளாக வெட்டி, சுருட்டி, ஒரு சுருளுக்குள் இன்னொன்று வைத்து ஓட்டுத்தையல் போட்டு இரண்டு காதுக்குள்ளும் செருகினாள். காது உப்பி எழுந்தது. அமுக்கினால் அமுங்கி, விட்டதும் எழுந்தது. கழுவியும் லேசாக வெங்காய வாசம் போகவில்லை. தஸ்னீம் ஒரு சென்ட் பாட்டிலையே அதன்மேல் காலி செய்தாள். அறையே சிரித்தது. அத்தாயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இனி முடிச்சை உடுப்போடு பிடித்துத் தைக்க வேண்டும். கழற்றி வைத்துத் தைத்தால் ஒரு காது மேலே, ஒரு காது கீழே போய்விடும். ஆள் நின்றபடியே தைத்தால்தான் மட்டம் வரும். அருள்மொழி ஜன்னலைப் பார்த்து நின்றாள். அத்தாயி அவள் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எல்லாத் தையல்காரர்களும் செய்கிறபடி, குண்டூசிகளை வரிசையாக உதட்டில் கவ்விக்கொண்டாள். ஒவ்வொன்றாக எடுத்துக் குத்த வேண்டும்.

கண்ணுக்கு நேரே மகளின் சடை தொங்கியது. பின்கழுத்தில் பொடி முடி. அத்தாயிக்குள் அத்தனை வருஷத்துக் கேள்வியும் தொண்டைவரை வந்து முட்டியது. ஆனால் வாய் திறந்தால் ஊசி தொண்டைக்குள் போய்விடும். மூச்சை மட்டும் விட்டாள்.

அந்த அமைதி அருள்மொழிக்குப் புதிது. அம்மா பக்கத்தில் இருந்து ஒரு கேள்விகூட வராத நேரம் அவள் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே அவளாகப் பேசினாள்.

"சொந்த முடிதாம்மா. சவுரி இல்லை."

அத்தாயியின் கை நின்றது. ஒரு ஊசியை எடுத்துக் குத்தினாள்.

"மூக்கு சேலத்துலதான் குத்துனேன். சீழ் புடிச்சுருச்சு. நீ பக்கத்துல இருந்தா மஞ்சள் வெச்சிருப்பேன்னு நெனைச்சேன்."

இன்னொரு ஊசி.

"ஆபரேஷன் வலிச்சுது. ரொம்ப. தஸ்னீமோட அம்மா கஞ்சி வெச்சுக் குடுத்தாங்க. நான் உங்கிட்டச் சொல்லலை. சொன்னா நீ கேட்டுட்டே இருப்பே. எனக்கு அப்பப் பதில் சொல்லத் தெம்பு இல்லை."

அத்தாயியின் கண் மறைத்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, கோணலாகக் குத்திய ஊசியை எடுத்து நேராகக் குத்தினாள். ஆடிப் பதினெட்டன்று தண்ணீர்க் குழாய் அருகே தான் கேட்டவை, கேட்ட வரிசையிலேயே திரும்பி வருவதை அவள் கவனித்தாள். பிள்ளை ஒன்றைக்கூட மறக்கவில்லை. அதை நினைக்க வலித்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"இன்னொண்ணு" என்றாள் அருள்மொழி. "சேலத்துல எந்தத் தையக்காரரும் தைக்கலைம்மா. யாருகிட்டயும் நான் குடுக்கவே இல்லை. உன்னைய வான்னு கூப்பிட எனக்கு வாய் வரலை. வர வேண்டாம்னு சொன்னாத்தான் நீ வருவேன்னு தெரியும்."

பின்னால் தஸ்னீம் சிரிப்பை அடக்கிக்கொண்டு பவுடர் டப்பாவை மூடினாள். ராசிபுரத்தில் சேலம் பஸ்ஸில் இடம் பிடித்து வைத்த மர்மம் அத்தாயிக்கு அப்போதுதான் விளங்கியது. உதட்டில் ஊசி இருந்ததால் அவளால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. இருந்த ஊசியையெல்லாம் குத்தி முடித்து, நூல் கோத்து, அழுத்தமாகத் தைத்தாள். தையல் முடிந்து நூலைப் பல்லால் கடித்தபோது வெளியே மைக்கில் பெயர்கள் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். தாலி கட்டுகிற மேடையிலிருந்து கீழே நடுக்கூடம்வரை சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். தஸ்னீம் அத்தாயியை இழுத்துக்கொண்டு போய் ஓர் ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். "திரும்புவாங்க பாருங்கம்மா, அப்பத்தான் முடிச்சு தெரியும். கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திட்டுப் பாருங்க."

"அருள்மொழி, கொல்லிமலை" என்று மைக்கில் சொன்னார்கள். விசில் சத்தம் பறந்தது. ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள் என்று அத்தாயி எதிர்பார்க்கவில்லை. மேடையில் வெளிச்சத்துக்குள் அருள்மொழி வந்தாள். அவசரப்படாமல் நடந்தாள். மலைச் சரிவில் நடந்து பழகிய கால், ஒவ்வோர் அடியையும் பதித்து வைத்தது. கம்பளத்தின் முனைக்கு வந்து நின்றாள். கூட்டத்தைப் பார்த்தாள். கூட்டமும் அவளைப் பார்த்தது. அத்தனை பேர் பார்த்தும் அவள் தலையைக் குனியவில்லை. பிறகு மெதுவாகத் திரும்பினாள். கூடத்தில் "ஓ" என்று ஒரு சத்தம் எழுந்தது. கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பட்டம் யாருக்கு என்று சொல்ல இன்னும் நேரம் இருந்தது. அருள்மொழி மேடைக்குப் பின்வழியாக இறங்கி, உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"அம்மா, நின்னுச்சா? திரும்பும்போது என்னமோ சத்தம் கேட்டுச்சு. ஒரு காது சாஞ்சுருச்சா?"

அத்தாயி விழித்தாள். கண்டவர் உடுப்பின் உள்தையலையெல்லாம் விடாமல் பார்க்கிறவள், தான் தைத்ததை, இத்தனை பாடுபட்டு நிற்க வைத்ததை, மேடையில் பார்த்தாளா என்று யோசித்தாள். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"ஐயோ, பாக்கலையே சாமி" என்றாள். "நீ திரும்புனியா? மறுபடி இந்தப் பக்கம் எப்பத் திரும்புவேன்னு உன்ற மூஞ்சிக்குக் காத்துட்டு இருந்தேன். முடிச்சு ஞாபகமே வரலை."

அருள்மொழி தூக்கிப் பிடித்திருந்த உடுப்பைக் கீழே விட்டாள். அத்தாயிக்கு வெட்கமாகப் போய்விட்டது. "திரும்பு கண்ணு, இப்பப் பாத்துச் சொல்றேன்" என்று அவள் தோளைத் தொட்டாள்.

"வேண்டாம்மா" என்றாள் அருள்மொழி. அவள் திரும்பவில்லை. "இப்பிடியே பாரு."